சங்குக்குக் கீழே ஒரு குழாய்: மூச்சுக்குழாய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர் வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் வீடு. பள்ளிக்கூடம், மகளிர் குழு, ஆலய மண்டபம் என்று எங்கே கூப்பிட்டாலும் திங்கள்சந்தையில் வாங்கிய ஆட்டு நுரையீரலை மூச்சுக்குழாயோடு சேர்த்து ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போவேன். படத்தைக் காட்டினால் கொட்டாவி விடுகிறவர்கள்கூட அந்தப் பாத்திரத்தைத் திறந்ததும் எழுந்து வந்து சுற்றி நிற்பார்கள். அப்படி நின்றவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

மூச்சுக்குழாய் எங்கே இருக்கிறது? தொட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். கழுத்தின் நடுவில் துருத்திக்கொண்டிருப்பது குரல்வளை. ஆண்களுக்கு நன்றாகத் தெரியும். நம் பக்கத்தில் 'சங்கு' என்பார்களே, சண்டையில் 'சங்கை நெரித்துவிடுவேன்' என்று மிரட்டுகிறவன் கைவைக்கப் போகும் இடம், அதுதான். அங்கிருந்து விரலை மெல்லக் கீழே இறக்கினால் மோதிரம் போலக் கெட்டியான ஒரு வளையம் தட்டுப்படும். அதற்குக் கீழே தொடங்குவது மூச்சுக்குழாய். இரு தோள்பட்டைப் பக்கமிருந்தும் வரும் எலும்புகள் கழுத்தடியில் சேரும் குழியில் விரலை வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள். குழாய் மேலே ஏறி இறங்குவது தெரியும். அழுத்திவிடாதீர்கள், இருமல் வரும்.

பெரியவர்களுக்கு இதன் நீளம் 10 முதல் 12 செ.மீ., அகலம் ஏறத்தாழ 2 செ.மீ. ஒரு சுண்டுவிரலை உள்ளே விடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி கழுத்தில், பாதி நெஞ்சுக்குள். நெஞ்செலும்பின் மேல்பகுதிக்குப் பின்னால் போனதும் இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கொரு நுரையீரலைப் பார்த்துக் கிளைகள் போய்விடும்.

மருத்துவர் சிலருக்கு அந்தக் கழுத்துக்குழியில் விரல் வைத்துப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். குழாய் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா என்று தேடுகிறார். நுரையீரலைச் சுற்றிக் காற்றோ நீரோ நிறைய சேர்ந்தால் குழாய் எதிர்ப்பக்கம் ஒதுங்கும். நுரையீரல் சுருங்கிப்போனால் அந்தப் பக்கமே இழுபடும். எக்ஸ்ரே வருவதற்கு முன்பே ஒரு விரல் சொல்லிவிடுகிற சேதி இது.

ஏன் வளையம் வளையமாக இருக்கிறது?

வயலில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது உடனே புரியும். கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய் வரிவரியாக, விறைப்பாக இருக்கும். தண்ணீரை வெளியே தள்ளும் பக்கத்துக்குத் துணி போல மடங்கும் குழாய் போதும். காரணம் எளிது. தள்ளும்போது குழாய் உப்பும். உறிஞ்சும்போது குழாய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். நாம் ஒவ்வொரு மூச்சையும் உறிஞ்சித்தான் எடுக்கிறோம். மூச்சுக்குழாய் வெறும் சதையாக இருந்தால் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தவுடன் சுவரோடு சுவர் ஒட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் 16 முதல் 20 வரை குருத்தெலும்பு வளையங்கள்.

ஆனால் 'வளையம்' என்பது முழு உண்மை இல்லை. ஆட்டுக் குழாயைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவச் சொல்வேன். விரல் மெத்தென்று உள்ளே போகும். எல்லாமே முழு வட்டமாக இல்லாமல் லாட வடிவில் இருக்கின்றன. பின்பக்கம் எலும்பு கிடையாது, ஒரு தசைப்படலம்தான். குருத்தெலும்பு முழு வட்டமாக இருப்பது நான் மேலே சொன்ன அந்த மோதிர வளையத்தில் மட்டும். அது குரல்வளையைச் சேர்ந்தது.

பின்பக்கம் ஏன் திறந்திருக்கிறது என்று கேட்டால், அங்கேதான் உணவுக்குழாய் முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. மரச்சீனிக் கிழங்கை மென்று பெரிய கவளமாக விழுங்கும்போது உணவுக்குழாய் உப்ப வேண்டும் அல்லவா? மெத்தென்ற அந்தச் சுவர் அதற்குக் கொஞ்சம் இடம் விட்டுக்கொடுக்கும். இன்னொரு பயனும் உண்டு. இருமும்போது அந்தத் தசை இறுகிக் குழாயைக் குறுக்கிவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது குழாய் நுனியைக் கட்டைவிரலால் அடைத்தால் தண்ணீர் பாய்ச்சலாகப் போகும். அதே வித்தை.

சாப்பாடும் காற்றும் ஒரே வாசலில் போகின்றனவே, கலந்துவிடாதா?

நியாயமான கவலை. மூக்கு மேலே, வாய் கீழே. உள்ளே போனதும் காற்றுக்குழாய் முன்னால், சோற்றுக்குழாய் பின்னால். ஆக, இரண்டு பாதைகளும் தொண்டையில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. சிக்னல் இல்லாத நாற்சந்தி போல. விழுங்கும் அந்த ஒரு நொடியில் மூச்சு தானாக நிற்கிறது. குரல்வளை முழுவதும் மேலே தூக்கப்பட்டு நாக்கின் அடியில் ஒளிந்துகொள்கிறது. குரல்நாண்கள் இரண்டும் இறுகச் சேர்கின்றன. குரல்வளைமூடி என்ற இலை போன்ற மடல் மேலே கவிழ்கிறது. பாடப்புத்தகங்கள் அந்த மூடிக்கே எல்லாப் புகழையும் கொடுத்துவிடுகின்றன. என் கணிப்பில் அது கொஞ்சம் அநியாயம். பெரும் பங்கு மேலே ஏறும் குரல்வளையினுடையதும் சேரும் நாண்களினுடையதும்தான்.

இந்த ஒழுங்கு தப்பும்போது புரையேறுகிறது. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறவன் காற்றுக்கும் சோற்றுக்கும் ஒரே நேரத்தில் வழிகேட்கிறான். உதிரியாக இருக்கும் புட்டு சாப்பிடும்போது நம் ஊரில் புரையேறாதவர் யார்?

புரையேறினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்கிறார்களே?

நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். உச்சந்தலையில் தட்டுவதால் மட்டும் மூச்சுக்குழாயில் எதுவும் நடப்பதில்லை. என் அம்மாவும் தட்டினார்கள், நானும் என் பிள்ளைகளுக்குத் தட்டியிருக்கிறேன். இருமுகிறவரை இரும விடுங்கள். இருமலே மருந்து. அந்த நேரத்தில் வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஏற்கெனவே தவறான வழியில் போனதற்குத் துணைக்கு இன்னொன்றை அனுப்புவதாகும்.

இருமக்கூட முடியாமல் அடைத்துக்கொண்டால்?

இந்தப் பதிலை மட்டும் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் 'அடைத்துக்கொண்டதா?' என்று கேளுங்கள். பேசுகிறார், பலமாக இருமுகிறார் என்றால் பக்கத்தில் நின்றால் போதும். சத்தமே வரவில்லை, கை கழுத்தைப் பிடிக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. அவரை முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். நிமிர்ந்து உட்காரவைத்துத் தட்டினால் பொருள் இன்னும் கீழே இறங்கும் வாய்ப்பு இருப்பதால் குனியவைப்பது முக்கியம். விலகவில்லையா? பின்னால் நின்று இரு கைகளாலும் வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். ஒரு கையை முட்டியாக மடக்கி, தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்புக்குக் கீழே வைத்து, மறு கையால் அதைப் பற்றி, உள்ளும் மேலுமாக 5 முறை வெடுக்கென்று இழுங்கள். வயிற்றை அழுத்தும் இந்த முறையை அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹைம்லிக் 1974-இல் வெளியிட்டார். நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்றையே ஆயுதமாக்கி அடைப்பை வெளியே தள்ளுவதுதான் அதன் சூட்சுமம். தட்டுவதும் இழுப்பதும் மாறிமாறித் தொடரட்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

கர்ப்பிணிகளுக்கும், கை சுற்றிப் பிடிக்க முடியாத அளவு பருமனானவர்களுக்கும் வயிற்றில் அல்ல, நெஞ்செலும்பின் நடுவில் அழுத்த வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, முதுகில் 5 தட்டு. பிறகு திருப்பி நெஞ்சின் நடுவில் 5 அழுத்து. நினைவு தப்பினால் தரையில் கிடத்தி மார்பழுத்தம் கொடுக்கத் தொடங்குங்கள். வாயைத் திறந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவுவது, கிணற்றில் விழுந்த வாளியைக் கழியால் இன்னும் ஆழத்துக்குத் தள்ளுவது போல.

அடைப்பு விலகிய பிறகும் வயிற்றை அழுத்தியவரை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உள்ளுறுப்பில் அடிபட்டிருக்கக்கூடும்.

குழந்தை ஏதோ விதையை வாயில் போட்டது, கொஞ்ச நேரம் இருமியது, இப்போது சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

கூடாது. அந்த 'சரியாகிவிட்டது' என்பதைத்தான் நான் பயப்படுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் இரண்டு வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று வாரமாகச் சளி, காய்ச்சல். ஓரிடத்தில் சளி மருந்து, இன்னோரிடத்தில் இன்னொரு சளி மருந்து. நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டால் இடது பக்கம் காற்று நன்றாகப் போகிறது, வலது பக்கம் மந்தம். 'எதையாவது விழுங்கினானா?' என்று கேட்டதற்கு எல்லோரும் இல்லை என்றார்கள். கடைசியில் ஐந்து வயது அக்கா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டே, 'கடலை தின்னும்போது அழுதான்' என்றாள். வேர்க்கடலைப் பாதி. குழல் விட்டு எடுத்தார்கள். ஊறி, நிறம் மாறி, அது கடலை என்றே நம்ப முடியாத உருவத்தில் பஞ்சின் மேல் கிடந்தது.

நடந்தது இதுதான். பொருள் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைத் தாண்டும்வரை இருமல் கொட்டும். அந்தப் பிரியும் இடம் மிகவும் உணர்ச்சியுள்ளது. அதைத் தாண்டி ஒரு கிளைக்குள் உட்கார்ந்ததும் இருமல் அடங்கிவிடும். பெரும்பாலும் வலது கிளைக்குள்தான் போகும். இடது கிளை 5 செ.மீ. நீளத்தில் பக்கவாட்டில் சாய்ந்து போக, வலது கிளை 2.5 செ.மீ. அளவில் குட்டையாக, அகலமாக, ஏறத்தாழ நேர்கீழாக இறங்குகிறது. மேலிருந்து விழுவதற்கு அதுவே சரிவு. வேர்க்கடலையின் எண்ணெய் சுவரைப் புண்ணாக்கும். புளியங்கொட்டை ஈரத்தை இழுத்து ஊதும். எக்ஸ்ரேயில் காசும் ஊசியும் தெரியும். கடலையும் கொட்டையும் தெரியாது. 'எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது' என்ற ஒரு வரியை நம்பிப் பேருந்து ஏறிவிடாதீர்கள். என்ன சாப்பிட்டது, எப்போது இருமியது என்று நீங்கள் சொல்லும் கதைதான் அங்கே எக்ஸ்ரே.

இப்படி எடுப்பது புது வித்தையும் அல்ல. ஜெர்மனியில் குஸ்தாவ் கில்லியன் என்ற மருத்துவர் 1897-இல் ஒரு விவசாயியின் வலது மூச்சுக்கிளையில் சிக்கிய பன்றி எலும்புத் துண்டை நேரான உலோகக் குழல் வழியாக எடுத்தார். இன்றைக்கு நம் மாவட்டத்துக்கு ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் என்றால் அன்றைக்கே போங்கள்.

நம் வீடுகளில் நான் கண்வைக்கச் சொல்லும் பொருள்கள்: ரம்புட்டான் (தோலுரித்தால் வழுக்கும், உள்ளே கெட்டியான பெரிய விதை), நுங்கு, முழு முந்திரிப்பருப்பு, சீத்தாப்பழ விதை, மஞ்சாடிக்குரு (பளபளக்கும் சிவப்பு விதை), பல்லாங்குழிச் சோழி, பேனா மூடி. நாலு வயதுவரை பருப்பையும் கடலையையும் முழுதாகக் கொடுக்காமல் பொடித்துக் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கிற குழந்தையின் வாயில் ஊட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

மீன் முள் மூச்சுக்குழாயில் மாட்டுமா?

அரிதிலும் அரிது. சாளை முள்ளும் நெத்திலி முள்ளும் பெரும்பாலும் உள்நாக்குப் பக்கத்துச் சதையிலோ நாக்கடியிலோ குத்தி நிற்கும். சில நேரம் உணவுக்குழாயில். சோற்றை உருட்டி விழுங்குவதும், மட்டி வாழைப்பழத்தை மெல்லாமல் இறக்குவதும் கடற்கரை ஊர்களில் கைவைத்தியம். சிறு முள் அப்படிப் போனதும் உண்டு, ஆழமாகக் குத்திக்கொண்டதும் உண்டு. நான் இரண்டாவது வகையைத்தான் பணியில் பார்த்தேன். போனவர்கள் எங்களிடம் வர வேண்டிய தேவை இருக்கவில்லையே! எச்சில் விழுங்கவே வலிக்கிறது, இரத்தம் வருகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சளி எங்கிருந்து வருகிறது? அதை ஏன் உடம்பு உண்டாக்குகிறது?

மூச்சுக்குழாயின் உள்சுவர் முழுவதும் ஈரமான பாய் விரித்தது போல ஒரு மென்படலம். அதில் சில செல்கள் சளியைச் சுரக்கின்றன. மற்றவற்றின் தலையில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள். ஒரு செல்லுக்கே ஏறத்தாழ 200. அவை நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை ஒரே திசையில், மேல்நோக்கி, அடித்துக்கொண்டே இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும் நாளில் நாஞ்சில் நாட்டு வயல் ஓரம் நின்றிருக்கிறீர்களா? நாற்று முழுவதும் ஒரே அலையாகச் சாய்ந்து நிமிரும். அந்த அலைதான் உள்ளேயும் ஓடுகிறது. வித்தியாசம் ஒன்றே: வயலில் காற்று நாற்றை அசைக்கிறது, இங்கே மயிர்கள் தாமாகவே அசைந்து மேலே இருக்கும் சளியை நகர்த்துகின்றன.

காற்றில் வந்த தூசி, மகரந்தம், கிருமி எல்லாம் அந்தச் சளியில் ஒட்டிக்கொண்டு நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைவரை ஏறி வரும். அங்கே வந்ததும் நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். வயிற்று அமிலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சளி என்றாலே முகம் சுளிக்கிறோம்; நோயில்லாத நாளிலும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் நன்றாகக் குடித்தால் இளகும். ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு ஆறுதல் தரும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குழந்தையைக் குனியவைக்காதீர்கள். சளியைவிடச் சூட்டுக்காயம் பெரிய வேதனை, அதற்குக் கட்டுப்போட்ட கை இது.

நான் ரப்பர் ஷீட் புகைக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். பீடியும் உண்டு. மூச்சுக்குழாய்க்கு என்ன ஆகும்?

குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அண்ணாச்சி கேட்டது. ஒளிக்காமல் கேட்டதற்கே அவருக்கு ஒரு வணக்கம் சொன்னேன்.

புகை அந்த நுண்மயிர்களை முதலில் மந்தமாக்கும், பிறகு முடக்கும், நாள்பட்டால் உதிர்த்துவிடும். மறுபக்கம் சளி சுரக்கும் செல்கள் பெருகும். குப்பை கூடுகிறது, கூட்டுகிற ஆள் இல்லை. இராத்திரி முழுவதும் தேங்கியதைக் காலையில் இருமித்தான் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அதைத்தான் 'பீடி குடிக்கிறவன் இருமல்' என்று சிரித்துக் கடந்துவிடுகிறோம். முந்திரிக்கொட்டை வறுக்கும் புகையும், ஈர விறகடுப்பின் புகையும் இதே வேலையைச் செய்யும். கூடத்தில் கதவைத் திறந்து புகை வெளியேறிய பிறகு உள்ளே போங்கள், அடுப்பை வெளிப்பக்கமிருந்தே ஊட்ட வழி செய்யுங்கள்.

பீடியை விட்ட முதல் சில வாரங்களில் இருமல் கூடலாம். 'விட்டதால்தான் வந்தது' என்று பலர் திரும்பவும் பற்றவைத்துவிடுகிறார்கள். மயிர்கள் மீண்டும் வேலைக்கு வந்துவிட்டன என்பதற்கான சத்தம் அது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். சளியில் இரத்தம் தெரிந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மூச்சுக்குழாய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கிறதா?

இல்லை. மாத்தூர் தொட்டிப்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1966-இல் கட்டியது, 115 அடி உயரத்தில் ஆற்றைக் கடந்து ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குத் தண்ணீர் போகிறது. தொட்டிக்குள் இருக்கும் தண்ணீர் எந்த வயலையும் நனைப்பதில்லை. அக்கரை போனால்தான் பாசனம். அதுபோலத்தான் மூக்கிலிருந்து மூச்சுக்குழாய், கிளைகள்வரை நிற்கும் காற்று. ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 500 மி.லி. இழுக்கிறோம். அதில் 150 மி.லி. வழியிலேயே நின்றுவிடுகிறது. மீதி 350 மி.லி. மட்டுமே காற்றுநுண்ணறைகளுக்குப் போய் இரத்தத்தோடு பரிமாற்றம் செய்கிறது. குழாய் 23 தடவை வரை கிளைவிட்டுப் போய் அந்த அறைகளில்தான் முடிகிறது.

வெட்டியாக நிற்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. உள்ளே போகும் காற்று உடல் சூட்டுக்கு வருவதும், ஈரம் ஏறுவதும், தூசி கழிவதும் இந்தப் பயணத்தில்தான்.

கடியப்பட்டணத்துப் பையன் ஒருவன், 'பப்பாளிக் காம்பை வாயில் வைத்துக்கொண்டு தண்ணீருக்கடியில் எவ்வளவு நேரமும் இருக்கலாமா?' என்று கேட்டான். நீளக் காம்பு என்பது நீளத் தொட்டிப்பாலம். விட்ட மூச்சே திரும்பத் திரும்ப உள்ளே வரும். அது போக, ஆழம் கூடக் கூட நெஞ்சின் மேல் தண்ணீரின் பாரம் ஏறி, மூச்சை இழுக்கவே வலுவிருக்காது. சிப்பி எடுக்க மூழ்கும் அண்ணன்மார் மூச்சை அடக்கித்தான் போகிறார்கள், காம்பு வைத்துக்கொண்டல்ல.

தண்ணீரில் மூழ்கியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்க வேண்டாமா?

வேண்டாம். தலைகீழாகத் தூக்குவதும் சுற்றுவதும் வேண்டாம். வயிற்றிலிருந்து வருவது மூச்சுக்குழாய்க்குள் போகும், நேரமும் போகும். மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பழுத்தம் தொடங்குங்கள். அவருக்கு முதலில் தேவை காற்று.

பாடகர்களின் குரல் மூச்சுக்குழாயிலிருந்துதானே வருகிறது?

குரல் பிறப்பது குரல்வளையின் நாண்களில். மூச்சுக்குழாய் கீழிருந்து காற்றை அனுப்பும் துருத்திக் குழாய். ஆலயப் பாடகர் குழுவில் இதைச் சொன்னபோது அவர்களுக்குப் பிடித்துப்போன செய்தி ஒன்று: உயிருள்ள மனிதனின் குரல்நாண் அசைவதை நன்றாகப் பார்த்துப் பதிவு செய்தவர் மருத்துவர் அல்லர், மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர். 1854-இல் பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டுத் தன் நாண்களையே பார்த்தார். அதன் இடைவெளியில் மூச்சுக்குழாயின் மேல்பகுதியும் தெரிந்தது.

மூச்சு விடும்போது சத்தம் வருகிறது. ஆஸ்துமாவா, மூச்சுக்குழாயா?

தோராயமான ஒரு கணக்கு உண்டு. மூச்சை வெளியே விடும்போது விசில் அடித்தால் கோளாறு பெரும்பாலும் நுரையீரலுக்குள் இருக்கும் சிறு குழாய்களில். ஆஸ்துமா அந்த வகை. உள்ளே இழுக்கும்போது கரகரவென்று இரைந்தால் குரல்வளையிலோ மூச்சுக்குழாயின் மேல்பகுதியிலோ நெருக்கடி. இரண்டாவது சத்தம் திடீரென்று வந்தால் ஆட்டோவைக் கூப்பிடுங்கள், கைமருந்து தேடாதீர்கள்.

சிறு குழந்தைக்கு இது இன்னும் அவசரம். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் 4 செ.மீ. அளவுதான், அகலமும் 4, 5 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் குழாயில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் மிஞ்சுவது 2 மில்லிமீட்டர், வழி கால்பங்காகிவிட்டது. நமக்கு ஒரு மில்லிமீட்டர் வீக்கம் தொண்டைக் கரகரப்பு, குழந்தைக்கு அது மூச்சுத்திணறல். இரவில் நாய் குரைப்பது போல இருமி, மூச்சு இழுக்கும்போது இரைகிற குழந்தையை அழவிடாமல் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தொண்டை அடைப்பான் நோய்க்கான தடுப்பூசி 6, 10, 14-ஆம் வாரங்களில் போடுவதையும் அடுத்த தவணைகளையும் தவறவிடாதீர்கள். ஒரு காலத்தில் குழந்தைகளின் கழுத்தில் துளையிட வேண்டி வந்ததற்கு அந்த நோய் பெரிய காரணம்.

கழுத்தில் துளை போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது?

துளை மூச்சுக்குழாயின் இரண்டாவது வளையத்துக்குக் கீழே, அதை ஒட்டிய இடத்தில் இருக்கும். காற்று அங்கேயே போய்வருவதால் குரல்நாண்களுக்கு எட்டுவதில்லை. அதனால் சத்தம் வரவில்லை. குரல் போய்விட்டது என்று அழுத ஓர் அம்மாவிடம் இதைச் சொல்வதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருத்துவர் அனுமதித்த பிறகு, துளையில் செருகியிருக்கும் குழாயின் வகையைப் பொறுத்து, துளையை விரலால் மூடிப் பலர் பேசுவார்கள்.

மூக்கு செய்த வேலையை இப்போது நீங்கள் செய்ய வேண்டும்: துளையின் மேல் சுத்தமான ஈரத்துணியைத் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் சளி காய்ந்து அடைக்கும். உள்குழாயைச் சொல்லிக்கொடுத்தபடி தினமும் கழற்றிக் கழுவுங்கள். குளிக்கும்போது தண்ணீர் கழுத்துக்குக் கீழேயே நிற்கட்டும். ஆறு, குளம், கடல் மூன்றும் கிடையாது. கட்டும் நாடாவுக்கும் கழுத்துக்கும் இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும். பவுடர் போடாதீர்கள், பக்கத்தில் சாம்பிராணி காட்டாதீர்கள்.

கழுத்துக் கழலை மூச்சுக்குழாயை அமுக்குமா?

அமுக்கலாம். தைராய்டு சுரப்பியின் நடுப்பாலம் இரண்டாவது முதல் நான்காவது வளையம்வரை குழாயின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கழலை பெரிதாகி நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கினால் வெளியே அவ்வளவாகத் தெரியாமல் உள்ளே நெருக்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினால் முகம் சிவந்து திணறுகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

பக்கவாதம் வந்த அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கும்போது?

நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்று நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொல்லி, சிறு கரண்டியில். தண்ணீரைவிடக் கொழகொழப்பான கஞ்சி பாதுகாப்பானது. தண்ணீர் ஓடுகிற வேகத்துக்கு அவர் தொண்டை மூடுவதில்லை. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள். இருமாமலேகூட உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆட்கள் உண்டு. சாப்பிட்டதும் குரல் ஈரமாக, கொளகொளவென்று கேட்டால் அதுவே அடையாளம்.

கோழிக்கும் இதே போலவா?

ஆறாம் வகுப்புப் பையன் கேட்டான். தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறான் போலும். அடுத்த வாரம் பிளாஸ்டிக் பையில் ஒரு கோழிக் குழாயைக் கொண்டுவந்து என் ஆட்டுக் குழாயின் பக்கத்தில் வைத்தான். 'பாட்டி, இதற்குப் பின்பக்கமும் எலும்பு இருக்கிறது' என்றான். சரிதான், பறவைகளுக்கு வளையங்கள் முழு வட்டம். அதைவிட வேடிக்கை, சேவல் கூவுவது மேலே தொண்டையில் அல்ல, கீழே குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில். பறவைகளின் குரலுறுப்பு அங்கேதான் இருக்கிறது. அவன் அந்தப் பிரிவை விரலால் நசுக்கிக் காற்றை ஊதிப் பார்த்தான். சத்தம் வரவில்லை. வீட்டில் இன்னொன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடினான்.